வராதவர்கள் ஏன் வரவில்லை

சதுப்பு நிலம் ஒன்றின் கரையோரத்தில் ஆகாயத்தாமரையை அகற்றும் தன்னார்வலர் குழுவில் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். அந்தச் செடியைக் கையால் பிடுங்கியவர்களுக்கு அதன் பிடிவாதம் தெரியும். மேலே இளம் ஊதாப் பூவும் பளபளக்கும் இலையுமாகப் பார்க்க அழகாகவே இருக்கும். காற்றடைத்தது போல் பருத்திருக்கும் இலைக்காம்பைப் பற்றி இழுத்தால், இறகு போல் அடர்ந்த கரிய வேர்க்கொத்து நீரைச் சொட்டிக்கொண்டு மேலே வரும்; அதற்குள் சின்னஞ்சிறு நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்; ஓடுதண்டால் பிணைந்த நான்கைந்து செடிகளும் சேர்ந்தே இழுபடும். தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்ட இது, நீர்ப்பரப்பை மூடி, அடியில் வாழும் உயிர்களுக்கு வெளிச்சமும் ஆக்சிஜனும் கிடைக்காமல் செய்துவிடுகிறது. போதிய ஆட்கள் கூடினால் ஒரு காலைப்பொழுதில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீரைத் திறந்துவிடலாம். கூடாவிட்டால், பிடுங்கிய இடம் சில வாரங்களிலேயே மீண்டும் மூடிக்கொள்ளும்.

குழுவில் அறிவிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. மனம் நொந்திருந்த ஒரு நாளில் இப்படி எழுதினேன்: “இத்தனை பெரிய குழுவில் சென்ற மாதம் வந்தவர்கள் ஆறு பேர் மட்டுமே. நம் கண்ணெதிரே இந்த நிலம் செத்துக்கொண்டிருக்கிறது. யாருக்கும் அக்கறை இல்லையா?” எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் உள்ளத்திலிருந்து வந்ததுதான். அடுத்த முறை நான்கு பேர் வந்தார்கள். ஒரே ஒரு முறை நடந்ததை வைத்துக்கொண்டு இதற்கு இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதை அறிவேன். அந்த வாரம் வேறு வேலைகள் இருந்திருக்கலாம், வெயில் கடுமையாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்த அறிவிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மனிதர்கள் எதைக் கண்டு ஒரு செயலில் இறங்குகிறார்கள், எதைக் கண்டு தயங்குகிறார்கள் என்பதை ஆராயும் நடத்தை அறிவியலை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

படித்தவற்றில் முதலில் என்னைத் திடுக்கிட வைத்தது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கல்மரக் காடு தேசியப் பூங்காவில் சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு. 20 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட மரங்கள் கல்லாக மாறி அங்கே சிதறிக் கிடக்கின்றன. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவது பூங்காவின் நெடுநாளைய துயரம். ஆண்டுதோறும் 14 டன் கல்மரம், பெரும்பாலும் சிறு சிறு துண்டுகளாக, களவு போகிறது என்று பூங்கா நிர்வாகமே வேதனையோடு பலகை வைத்திருந்தது. ஆய்வாளர்கள் நடைபாதை ஓரங்களில் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டுவைத்து, நுழைவிடத்தில் பலகைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முன்பு வந்தவர்களில் பலர் கல்மரத்தை எடுத்துச் சென்றதால் காட்டின் இயல்பு நிலை கெட்டுவிட்டது என்று ஒரு பலகை சொன்னது. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று இன்னொரு பலகை நேராகக் கேட்டுக்கொண்டது. முதல் பலகை இருந்தபோது அடையாளமிட்ட துண்டுகளில் 7.92 விழுக்காடு காணாமல் போயின. இரண்டாவது பலகை இருந்தபோது 1.67 விழுக்காடு. பலர் திருடுகிறார்கள் என்று வருந்திச் சொன்ன பலகை, அங்கே எடுப்பதுதான் வழக்கம் என்று வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

நான் எழுதிய அறிவிப்பும் அதைத்தான் செய்தது. வராமல் இருப்பதே இந்தக் குழுவில் இயல்பு என்று, வராதவர்கள் அத்தனை பேருக்கும் நானே சான்று வழங்கிவிட்டேன். வந்த ஆறு பேருக்கோ, விவரம் தெரிந்த மற்றவர்கள் வீட்டில் இருக்க நாம் மட்டும் சேற்றில் நிற்கிறோம் என்ற எண்ணத்தை ஊட்டிவிட்டேன். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாம் நம்புவது ஒன்று. மற்றவர்கள் எதைச் சரியென்று கருதுகிறார்கள் என்று நாம் நம்புவது இன்னொன்று. இரண்டும் ஒரே திசையில் இழுக்கும்போது மனிதர்கள் எளிதாக நகர்கிறார்கள். எதிரெதிராக இழுக்கும்போது பெரும்பாலும் முதலாவதே வெல்கிறது. அழிவைப் பற்றிய செய்திகளையே மூச்சுவிடாமல் பரப்பிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்கள், யாரும் எதுவும் செய்யவில்லை என்ற செய்தியையும் கூடவே பரப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அப்படியானால் உண்மையிலேயே சிலர்தான் வருகிறார்கள் என்றால் என்ன எழுதுவது? எல்லோரும் வருகிறார்கள் என்று பொய் எழுதக் கூடாது. ஒருமுறை நேரில் வந்து பார்த்தவர் அதன்பின் நம் சொல் எதையும் நம்பமாட்டார். வந்தவர்களை வந்தவர்களாக எழுதலாம்: யார் யார் முதன்முறையாக வந்தார்கள், எவ்வளவு நீர் திறந்தது, அந்தத் திறந்த நீரில் மறுநாள் எந்தப் பறவை வந்து இறங்கியது என்று எழுதலாம். எண்ணிக்கை கூடிக்கொண்டிருந்தால், எவ்வளவு என்பதைவிடக் கூடுகிறது என்பதை முன்னால் வைக்கலாம். ஹோட்டல் அறைகளில் குளியல் துண்டை மறுபடியும் பயன்படுத்தச் சொல்லும் அட்டைகளை வைத்து சியால்டினியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற வழக்கமான வேண்டுகோளுக்கு 35.1 விழுக்காட்டினரும், விருந்தினரில் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள் என்ற செய்திக்கு 44.1 விழுக்காட்டினரும் செவிசாய்த்தார்கள். அடுத்து நடத்திய சோதனையில், இதே அறையில் தங்கியிருந்தவர்கள் செய்தார்கள் என்று சொன்னபோது அது 49.3 விழுக்காடு வரை போனது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதே அறையில் தங்கியிருந்தார் என்பதே ஓர் உறவாகிவிடுகிறது. உலக மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று எழுதுவதைக் காட்டிலும், இந்தக் கரையை ஒட்டி நடைப்பயிற்சி செல்பவர்களில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று எழுதுவது வலிமையானது.

இதுவரை சொன்னது ஒரு காலைப்பொழுதைக் கொடுக்க வேண்டியவர்களைப் பற்றி. நிலம் வைத்திருப்பவர்களின் நிலை முற்றிலும் வேறு. தன்னார்வலர் பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் வராமல் இருந்துவிடலாம். நிலத்தின் உரிமையாளரோ தம் பிள்ளைகளின் எதிர்காலத்தில் ஒரு பகுதியைப் பணயம் வைத்துத்தான் பங்கேற்கிறார். அவருடைய தயக்கத்தை ஆர்வமின்மை என்று நாம் பெயரிட்டுவிடுவது பெரும் அநீதி.

இதை எனக்கு விளங்கவைத்தது ஒரு மரங்கொத்தியின் கதை. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், நீண்ட ஊசியிலைகளைக் கொண்ட பைன் காடுகளில் வாழும் சிறு பறவை அது. ஆணின் தலையோரம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத சிவப்புக் கீற்று ஒன்று உண்டு. அதனால் ‘ரெட் காக்கேடட்’, அதாவது தொப்பியில் சூடும் சிவப்பு அணியைக் கொண்ட மரங்கொத்தி என்று பெயர். பட்டமரங்களை விட்டுவிட்டு, உயிரோடு நிற்கும் முதிர்ந்த பைன் மரத்தையே அது குடைகிறது. கடினமான மரம் என்பதால் ஒரு பொந்தைக் குடைந்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். பொந்தைச் சுற்றிலும் சிறு துளைகளிட்டுப் பிசினை வழியவிடும். அந்தப் பிசுபிசுப்பைத் தாண்டிப் பாம்புகள் ஏறுவது கடினம். முதிர்ந்த மரங்கள் வெட்டப்பட்டு இனம் அருகியதால், 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் அதற்கு வலுவான பாதுகாப்பு அளித்தது. தனியார் நிலத்தில் இந்தப் பறவை குடியேறிவிட்டால், சுற்றியுள்ள மரங்களை வெட்ட உரிமையாளருக்குத் தடை வந்துவிடும்.

சட்டத்தின் நோக்கத்தில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் தன் தோப்பில் பைன் மரங்கள் முதிர்ந்து வருவதையும், பக்கத்து நிலத்தில் மரங்கொத்தி வந்துவிட்டதையும் பார்க்கும் ஒருவர் என்ன நினைப்பார்? வட கரோலினாவின் காட்டு நிலங்களை ஆராய்ந்து டீன் லூக், ஜெஃப்ரி மைக்கேல் என்ற பொருளியலாளர்கள் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொல்கிறது. மரங்கொத்திக் கூட்டங்களுக்கு அருகிலிருந்த நிலங்களில், மரங்கள் இளவயதிலேயே வெட்டப்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பறவை வந்து குடியேறும் தகுதியை மரம் அடைவதற்கு முன்பே கோடரி முந்திக்கொண்டது. அந்த உரிமையாளர்களில் பலர் பறவைகளை விரும்பியவர்களாகவே இருந்திருக்கலாம். கையிலிருப்பது போய்விடும் என்ற அச்சம் அதே அளவு ஆதாயத்தின் மீதான ஆசையைவிட மனிதரை வலுவாக ஆட்டிவைக்கும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டியிருந்தார்கள். அந்த அச்சம் கோடரியாக இறங்கிய இடம் இது.

1995ஆம் ஆண்டில் அதே வட கரோலினாவின் மணற்குன்றுப் பகுதியில் ‘பாதுகாப்புத் துறைமுகம்’ என்று பொருள்படும் பெயரில் புதிய ஒப்பந்த முறை ஒன்று தொடங்கியது. நிலத்தில் இன்று எத்தனை பறவைக் கூட்டங்கள் இருக்கின்றனவோ அதை அடிப்படைக் கணக்காகக் குறித்துக்கொள்வார்கள். அந்த அளவுக்குக் கீழே போகாமல் உரிமையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் மரங்களை முதிரவிட்டு, அடிக்காட்டைச் சீராக்கி, அதனால் பறவைகள் பெருகினால், பெருகிய பறவைகளைக் காரணம் காட்டி அவர்மேல் புதிய தடை எதுவும் வராது. விரும்பினால் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளவும் உரிமை உண்டு. கேட்டவுடன் இது சரணாகதி போலத் தோன்றும். முதலில் படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நன்மை செய்தவரைத் தண்டிக்கும் நிலையை இந்த ஏற்பாடு நீக்கியது. உரிமையாளர்கள் சேர்ந்தார்கள், முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. 2024ஆம் ஆண்டில் அந்த மரங்கொத்தி, அருகிவரும் இனம் என்ற நிலையிலிருந்து ஆபத்தை எதிர்நோக்கும் இனம் என்ற ஒரு படி நல்ல நிலைக்கு மாற்றப்பட்டது. அரசு நிலங்களில் நடந்த பெரும் உழைப்புக்கும், செயற்கைப் பொந்துகள் அமைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. தனியார் நிலங்களின் பங்கைச் சாத்தியமாக்கியதில் இந்த ஒப்பந்தத்துக்கு முக்கிய இடம் உண்டு என்றே கருதுகிறேன்.

பணம் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்துவிடுவார்களே என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். பணம் வேலை செய்யும் இடங்களும் உண்டு. வேலையைக் கெடுக்கும் இடங்களும் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் யூரி நீஸியும் ஆல்டோ ரஸ்டிகினியும் நடத்திய சோதனை 2000ஆம் ஆண்டில் வெளியானது. பிள்ளைகளை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ இரு மடங்கானது. ஆசிரியரைக் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம் இருந்த இடத்தில், காசு கொடுத்து வாங்கும் சேவை என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னர் அபராதத்தை நீக்கியும் பழைய கூச்சம் திரும்பவில்லை. சுவிட்சர்லாந்தின் வோல்ஃபன்ஷீசன் கிராமத்தில் அணுக்கழிவுக் கிடங்கு அமைக்க ஒப்புவீர்களா என்று கேட்டபோது 50.8 விழுக்காட்டினர் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு இழப்பீடு தருகிறோம் என்று சேர்த்துச் சொன்னபோது ஒப்புதல் 24.6 விழுக்காடாகச் சரிந்தது. பொதுக்கடமையாக ஏற்றதைப் பேரமாகப் பார்க்க வைத்துவிட்டது பணம்.

இந்த ஆய்வுகளைக் காட்டி, பாதுகாப்புக்காக இழப்பைத் தாங்குகிற ஏழை எளியவர்களுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை நான் கடுமையாக மறுக்கிறேன். சிறுத்தை ஒருவருடைய ஆட்டைக் கொன்றால், யானை ஒருவருடைய ஓராண்டு உழைப்பை ஓர் இரவில் மிதித்துவிட்டால், அவருக்கு உரியதை உடனே கொடுப்பது நீதி. அதைத் தூண்டுதல் என்ற கணக்கில் எழுதுவதே தவறு. ஏற்கனவே மனமுவந்து செய்பவரிடம் போய் விலை பேசுவது வேறு, இழந்தவருக்கு ஈடு செய்வது வேறு. கொடுக்கும் முறையிலும் அறிவு வேண்டும். பிரான்ஸின் லாங்டாக்-ருசியோன் பகுதியில் திராட்சை பயிரிடுவோரிடம், களைக்கொல்லியைக் குறைக்கும் ஒப்பந்தங்கள் பற்றி ஆய்வாளர்கள் பல தெரிவுகளை வைத்துக் கேட்டார்கள். பகுதியில் போதிய பரப்பு ஒப்பந்தத்துக்குள் வந்தால் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கும் கூட்டு ஊக்கத்தொகை ஒன்றைச் சேர்த்தபோது, விவசாயிகளின் விருப்பம் உயர்ந்தது. அந்தத் தொகையை நான் ஒரு செய்தியாகவே படிக்கிறேன்: பக்கத்து நிலத்துக்காரரும் சேர்வார் என்று எதிர்பார்க்கிறோம் என்று அது சொல்கிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அஸ்ஸாமின் ஹர்கிலா நாரையின் வரலாறு. ஹர்கிலா என்றால் எலும்பை விழுங்குவது என்று பொருள். ஆள் உயரத்தை நெருங்கும் பறவை. வழுக்கைத் தலை, தொங்கும் கழுத்துப் பை, குப்பை மேடுகளிலும் பிணங்களிலும் இரை தேடும் பழக்கம். ஊர்களுக்குள், வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் உயர்ந்த மரங்களில் அது கூடு கட்டுகிறது. எச்சமும் அழுகிய இறைச்சித் துண்டுகளும் முற்றத்தில் விழும், நாற்றம் தாங்காது. மரத்துக்குச் சொந்தக்காரர் என்ன செய்வார்? 2007ஆம் ஆண்டில் அப்படி ஒருவர் கூடுகளோடு மரத்தை வெட்டிச் சாய்த்ததையும், குஞ்சுகள் தரையில் கிடந்ததையும் உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மன் கண்டார். முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிவைத்துவிட்டு ஊர் மக்களிடம் போனார்.

அவர் செய்தவற்றை நடத்தை அறிவியலின் கண்ணால் பார்த்தால் ஒவ்வொன்றும் பொருள் நிறைந்ததாகத் தெரிகிறது. மரத்தின் சொந்தக்காரர்களைக் குற்றவாளிகளாக்காமல் ஊரார் முன்னிலையில் பாராட்டிக் கௌரவித்தார். பெண்களைத் திரட்டினார். தாயாகப் போகும் பெண்ணுக்கு நடத்தும் சடங்கைப் பறவைக்கு நடத்தினார்கள். நாரையின் உருவத்தைச் சேலைகளிலும் துணிகளிலும் நெய்து விற்றார்கள். ஹர்கிலா படை என்று அழைக்கப்படும் அந்தப் பெண்களின் எண்ணிக்கை இன்று 10,000-ஐத் தாண்டிவிட்டது. தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய ஊர்களில் 28 ஆக இருந்த கூடுகள் 250-க்கும் மேல் பெருகின. 2022ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் பூர்ணிமாவுக்குப் ‘புவியின் சாதனையாளர்’ விருதை அளித்தது. அடுத்த ஆண்டில் ஹர்கிலா, அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து விலகி, அச்சுறுத்தலை நெருங்கும் நிலைக்கு மாற்றப்பட்டது. நாற்றத்தைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தவருக்கு, பெருமையும் கிடைக்கும்படி செய்தது இந்த முயற்சி. சூழலியல் பாடத்தால் மட்டும் அது நடந்திருக்காது. அந்தப் பறவையின் பயனைப் பற்றி அவருக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடும். கூடு உள்ள வீடு நல்ல வீடு என்று பக்கத்து வீட்டார் சொல்லி அவர் கேட்டது புதிது.

பழைய பழக்கத்தைப் பிடுங்காமல் அதன் உள்ளீட்டை மட்டும் மாற்றிய இன்னொரு முயற்சி, 1900ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கியது. அமெரிக்காவில் அந்தப் பண்டிகையின்போது அணி பிரிந்து வேட்டைக்குப் போய், அதிகம் சுட்ட அணி வென்றதாக அறிவிக்கும் வழக்கம் இருந்தது. பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அதைக் கண்டித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கலாம். அதே நாளில், அதே போலக் கூட்டமாகப் போய்ப் பறவைகளை எண்ணுவோம் என்றார். முதல் ஆண்டில் 27 பேர், 25 இடங்களில், 90 அளவிலான பறவை இனங்களைப் பதிவு செய்தார்கள். நாளும் நண்பர்களும் குளிர்காற்றும் போட்டியின் பரபரப்பும் அப்படியே இருந்தன. துப்பாக்கி மட்டும் இல்லை. அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

சின்னஞ்சிறு தடைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அனுபவத்தில் எல்லோரும் அறிந்தவைதான். நீளமான விண்ணப்பம், பூட்டிய கதவு, என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லாத அறிவிப்பு, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று தெரியாத வேலை, இவை எல்லாம் நல்லெண்ணத்தை வழியிலேயே தீர்த்துவிடும். “வாருங்கள்” என்பதைவிட, “ஞாயிறு காலை ஆறரை மணி, இரண்டாவது மதகு, கையுறை நாங்கள் தருகிறோம், எட்டரைக்கு முடித்துவிடுவோம்” என்பது நூறு மடங்கு மேல். குழுவுக்குப் பொதுவாக அனுப்பும் செய்தியைவிட, ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவரால் மட்டும் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கேட்பது இன்னும் மேல். தண்ணீரில் இறங்க முடியாத மூத்தவர் ஒருவரிடம் நீர்மட்டத்தைக் குறித்துவைக்கும் நோட்டைக் கொடுத்தோம். அன்றிலிருந்து அவர் ஒரு வாரமும் தவறியதில்லை.

இந்த அறிவியலின் எல்லையையும் சொல்லாமல் விட முடியாது. நடத்தை அறிவியலைப் பயன்படுத்தும் இரண்டு பெரிய அமெரிக்க அமைப்புகள் நடத்திய சோதனைகளை, ஆய்விதழ்களில் வெளியான சோதனைகளோடு ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் ஒப்பிட்டு 2022ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இதழ்களில் வெளியானவற்றில், கேட்டதைச் செய்தவர்களின் பங்கு சராசரியாக 8.7 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருந்தது. அந்த அமைப்புகள் உண்மையான களத்தில் பெரிய அளவில் செய்தவற்றில் 1.4 மட்டுமே. சில முயற்சிகள் எதிர்த்திசையிலும் உதைக்கும். கலிஃபோர்னியாவில் அண்டை வீட்டாரின் மின்நுகர்வைச் சொல்லி வீடுகளுக்குக் குறிப்பு அனுப்பியபோது, அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். சிக்கனமாக இருந்தவர்களோ சராசரியை நோக்கி உயர்ந்துவிட்டார்கள். சிக்கனமானவர்களின் குறிப்பில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பியபோது அந்த உயர்வு நின்றது. ஆக, வார்த்தைகளை மாற்றி எழுதுவதால் ஒரு சதுப்பு நிலம் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. கழிவுநீரைத் திறந்துவிடுபவரையும், நிலப்பயன்பாட்டை ஒரு கையெழுத்தில் மாற்றுபவரையும் கேள்வி கேட்காமல், கரையில் நிற்கும் தன்னார்வலரின் மனப்பான்மையை மட்டும் ஆராய்ந்துகொண்டிருப்பது பெரும் பிழையாகிவிடும்.

மற்றொரு கவலையும் எனக்கு உண்டு. மனித மனத்தின் போக்கை அறிந்துகொண்டு அழைப்பு எழுதுவது, அவர்களை அறியாமல் அவர்களை இயக்குவதாக ஆகிவிடக் கூடாது. நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் எளியது: ஓர் அறிவிப்பை இப்படி ஏன் எழுதினேன் என்று, அதைப் படித்து வந்தவரிடமே முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. விதிகளை அவரும் சேர்ந்தே வகுப்பது. பொதுவளங்களைக் காக்கும் சமூகங்களை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் மீண்டும் மீண்டும் கண்டது அதைத்தான். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517ஆம் ஆண்டிலிருந்து ஒரு விதி உண்டு: குளிர்காலத்தில் தன்னால் தீவனமிட்டுக் காக்கக்கூடிய மாடுகளை மட்டுமே ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம். யாரும் எளிதில் சரிபார்க்கக்கூடிய விதி, ஊராரே வகுத்தது, ஊராரே கண்காணித்தது.

இவற்றையெல்லாம் படித்த பின் எங்கள் சதுப்பு நிலத்தை ஒட்டி வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். கரையோரம் ஒரு பட்டை நிலத்தை உழாமல் விட்டால் நீர்ப்பறவைகள் கூடு கட்ட இடம் கிடைக்கும் என்று குழு நெடுநாளாகக் கேட்டுவந்தது. அவர் பதிலே சொன்னதில்லை. அவருக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். இம்முறை நான் எதையும் கேட்கவில்லை. உங்களுக்கு இதில் என்ன தயக்கம் என்று மட்டும் கேட்டேன். அவர் வரப்பில் உட்கார்ந்து சிறிது நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நாளைக்கு அபூர்வமான பறவை ஏதாவது என் நிலத்துல கூடு கட்டிடுச்சுன்னு வைங்க. இனிமே இங்க நீ ஏர் கட்டக் கூடாதுன்னு யாராவது வந்து சொன்னா, நான் யார்கிட்ட போய் நிக்கிறது?” என்றார்.

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் பைன் தோப்பு வைத்திருந்தவர்களின் அதே கேள்வி. எல்லாவற்றுக்கும் என்னால் உறுதி கூற முடியாது என்பதை முதலில் சொன்னேன். பிறகு குழுவினரோடு பேசி, ஒரு பக்கத்தில் கடிதம் ஒன்று எழுதிக்கொண்டு போனோம். எவ்வளவு அகலம், எவ்வளவு காலம், எப்போது வேண்டுமானாலும் அவர் விலகிக்கொள்ளலாம், கூடுகள் இருக்கும் இடத்தை அவரைக் கேட்காமல் எங்கும் வெளியிடமாட்டோம், சட்டம் சார்ந்த எதையும் நாங்கள் உறுதியளிக்க இயலாது, இவ்வளவுதான் அதில் இருந்தது. அவர் இரண்டு முறை படித்தார். ‘ஓராண்டு’ என்று நாங்கள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘ஒரு போகம்’ என்று எழுதினார். பிறகு அவரே இறங்கி நடந்து, குச்சிகளை நட்டு எல்லை காட்டினார். நாங்கள் கேட்ட அகலத்தில் பாதிதான் இருந்தது.

இந்தப் பருவத்தில் அந்தப் பட்டையில் கூடு எதுவும் அமையவில்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கிறது. அறுப்பு முடிந்ததும் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்.